வக்கீலம்மாவிடம் கேளுங்கள்: பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில்?

போன மாதம் ஜீவனாம்சம் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: பிரிந்த பிறகு பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் பில்லை யார் கட்டுவது? பள்ளிக்கூடக் கட்டணத்துக்குக்கூட இவ்வளவு சண்டை இல்லை. அது ஜூன் மாதம் வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். காய்ச்சல் சொல்லிக்கொண்டா வருகிறது? அதனால் இந்த மாதம் பக்கம் முழுக்க ஆஸ்பத்திரிச் செலவுதான். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

வாசகி, கல்லிடைக்குறிச்சி: வக்கீலம்மா, எங்களுக்கு 2022-இல் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. மகளுக்கு அப்போது 6 வயது. எனக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரே தடவையாக 6 லட்சம் கொடுத்தார். ‘இனி எந்தக் காலத்திலும் எதுவும் கேட்க மாட்டேன்’ என்று கையெழுத்துப் போட்டேன். போன வருடம் மகளுக்குச் சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்தார்கள், டைப் 1. தினமும் நாலு ஊசி. இன்சுலின், ஸ்ட்ரிப், டெஸ்ட் என்று மாதம் 5,000 ரூபாய் ஆகிறது. அம்பாசமுத்திரத்தில் ஜவுளிக்கடை வேலையில் எனக்குச் சம்பளமே 11,000 தான். அவரிடம் கேட்டால், ‘அன்றைக்கே எல்லாம் தீர்த்தாச்சு. நீயும் உங்க அம்மாவும் அல்வா வாங்கிக் கொடுத்துக் கொடுத்துப் பிள்ளைக்குச் சீக்கு வரவைத்துவிட்டு என்னிடம் துட்டு கேட்கிறாயா’ என்கிறார். கையெழுத்துப் போட்ட பிறகு நான் கேட்க முடியுமா?

முதலில் அந்த அல்வாவை ஒதுக்கி வைப்போம். டைப் 1 என்பது, உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கி அழித்துவிடுவதால் வருவது. இனிப்புத் தின்று வருவதில்லை. அல்வாவால் வரும் என்றால் நம் திருநெல்வேலி சந்திப்பு ரயில் நிலையத்தில் ஏறுகிறவர்கள் பாதிப் பேர் கையில் இன்சுலின் பெட்டி இருக்க வேண்டும். ஆனாலும் உங்கள் டாக்டரிடம் இதை ஒரு கடிதமாக எழுதி வாங்கி வையுங்கள். போனில் சொன்னதை நாளைக்குக் கோர்ட்டிலும் சொல்வார்கள். அங்கே இதற்குச் சிரித்துக்கொண்டிருக்க நேரம் இராது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். கேட்கலாம், தங்கச்சி. உங்கள் ஜீவனாம்சத்தை வேண்டாம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டது உங்கள் பாடு. மகளுக்கு அப்பாவிடமிருந்து வரவேண்டியது மகளுடைய உரிமை. அதை விட்டுக்கொடுக்க அம்மாவுக்கு அதிகாரம் இல்லை. 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு, விவாகரத்து டிகிரி (கோர்ட் தீர்ப்பாணை) ஆன பிறகும் மைனர் பிள்ளையின் பராமரிப்புக்காகக் கோர்ட் உத்தரவு போடலாம், போட்டதை மாற்றலாம் என்கிறது. 2022-இல் இல்லாத நோய் இப்போது வந்திருக்கிறது. சூழ்நிலை மாறிவிட்டது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

‘ஜீவனாம்சம் என்றால் சோற்றுக்கும் துணிக்கும்தான், மருந்துக்கு இல்லை’ என்று அவர் தரப்பில் சொல்லிப் பார்க்கலாம். 1956-ஆம் வருட இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 3-வது பிரிவைக் காட்டுங்கள். உணவு, உடை, இருப்பிடம், படிப்பு, மருத்துவ கவனிப்பு, சிகிச்சை எல்லாம் சேர்ந்ததுதான் பராமரிப்பு என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறது.

6 லட்சத்தைப் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் மகளுக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால், அந்தப் பணம் எதற்கெல்லாம் போயிற்று என்ற கணக்கோடு போக வேண்டும். வாடகை, பள்ளி, நகை மீட்டது எதுவானாலும் சரி, மறைக்காமல் எழுதுங்கள்.

எங்கே மனு போடுவது? இரண்டு வழி உண்டு. ஒன்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு. அது 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவாகிவிட்டது. கோர்ட் வளாகத்தில் இன்னும் எல்லோரும் 125 என்றுதான் சொல்கிறோம், அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். இடைக்கால மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடுமானவரை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அது காகிதத்தில். வாய்தா வாங்கத் தெரிந்த வக்கீல் எதிரில் இருந்தால் அதைத் தாண்டியும் ஓடும். இன்னொரு வழி, உங்களுக்கு டிகிரி தந்த அதே கோர்ட்டில் 26-வது பிரிவில் மனு. உங்கள் விஷயத்தில் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். 144-இல் கிடைப்பது மாதத்துக்கு இவ்வளவு என்ற தொகை. உங்கள் மகளுக்கு மாதச் செலவும் இருக்கிறது, திடீரென்று சர்க்கரை ஏறி அட்மிட் ஆகும் செலவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மனுவில் கேட்க 26-தான் வசதி.

மனுவில் ‘மருத்துவச் செலவை எதிர்மனுதாரர் ஏற்க உத்தரவிட வேண்டும்’ என்று ஒற்றை வரி எழுத விடாதீர்கள். குடும்ப வழக்குகளில் என்னை அதிகம் எரிச்சல்படுத்துகிற வரி இதுதான். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, கண்ணாடி மருத்துவச் செலவா, பாளையங்கோட்டைக்கு டாக்டரைப் பார்க்கப் போன கார் வாடகை மருத்துவச் செலவா என்று பிள்ளைக்கு மீசை முளைக்கும்வரை சண்டை போடுவார்கள். பிரித்துக் கேளுங்கள். இன்சுலின், ஊசி, ஸ்ட்ரிப் மாதாமாதம் வருவது. அதற்கு ஒரு நிலையான தொகை, ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் உங்கள் வங்கிக் கணக்கில். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), வருடத்துக்கு ஒரு தடவை கண், சிறுநீரகப் பரிசோதனை எல்லாவற்றையும் மாதக் கணக்காக்கி அதிலேயே சேருங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பில்லில் இத்தனை சதவீதம், பில்லின் படம் அனுப்பிய 10 நாளுக்குள். இன்சுலின் பம்ப் மாதிரி புதிதாக ஏதாவது டாக்டர் எழுதினால் அதற்கும் அதே சதவீதம். மருந்து விலை ஏறும் என்பதால் வருடத்துக்கு இத்தனை சதவீதம் தொகை கூட வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு மனு போட வேண்டும்.

சதவீதம் எவ்வளவு? இரண்டு பேர் வருமானத்தையும் பார்த்துத்தான். 2020 நவம்பர் 4-ஆம் தேதி ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. அவர் ‘எனக்கு வருமானமே இல்லை’ என்று சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போக முடியாது. உங்கள் 11,000-ஐயும் மறைக்காதீர்கள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கு. பில்லெல்லாம் சேரட்டும், தை பிறக்கட்டும் என்று தள்ளினால் தள்ளிய மாதங்கள் போனதுதான்.

பில் விஷயத்தில் நம் ஆட்கள் கோட்டை விடுவார்கள். மெடிக்கலில் துண்டுச் சீட்டில் கூட்டிப் போட்டுத் தருவதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். மகள் பெயரில் கம்ப்யூட்டர் பில் கேளுங்கள். முடிந்தவரை ஜிபேயில் கட்டுங்கள், வங்கிக் கணக்கிலும் பதிவு நிற்கும். வெயிலில் வெளிறிப்போகும் பில்லை அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசமாகக் கொடுக்கிறார்களே, அங்கே போக வேண்டியதுதானே என்றும் வாதம் வரும். போங்கள், அதில் என்ன கௌரவக் குறைச்சல்? அங்கே கிடைப்பதை வாங்கிக்கொண்டு, வெளியில் வாங்க வேண்டியதை மட்டும் மனுவில் எழுதினால் உங்கள் கணக்கை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சர்க்கார் கொடுக்கிறது என்பதற்காக அப்பன் கடமை தீர்ந்துவிடாது.

வக்கீல் ஃபீஸுக்குப் பயப்படாதீர்கள். 1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உங்கள் பக்கத்து கோர்ட்டில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், இல்லையென்றால் 15100-க்குப் போன் போடுங்கள். இன்னும் ஒன்று: இது காலத்துக்கும் உள்ள நோய். மகளுக்கு 18 முடிந்தாலும், கல்யாணம் ஆகாமல், சொந்த வருமானம் இல்லாமல் இருக்கும்வரை 1956 சட்டத்தின் 20-வது பிரிவில் கேட்க முடியும். அதைப் பிறகு பார்ப்போம்.

வாசகர், திசையன்விளை (இப்போது குவைத்): மேடம், எல்லோரும் பெண்களுக்கே எழுதுகிறீர்கள். விவாகரத்து ஆகி மூன்று வருடம். கோர்ட் சொன்னபடி மகனுக்கு மாதம் 12,000 அனுப்புகிறேன். மருத்துவச் செலவில் பாதி தனி. அவள் சாதாரணச் சளிக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாள். பில்லை வாட்ஸப்பில் போட்டு ‘பாதி அனுப்பவும்’ என்கிறாள். போன மாதம் டான்சில் ஆபரேஷன் முடிந்து 48,000 பில் வந்த பிறகுதான் எனக்கே தெரியும். நானும் அப்பன்தானே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? லீவில் போனால் பையனைக் கண்ணிலும் காட்டுவதில்லை. பணத்தை நிறுத்திவிட்டால் வழிக்கு வருவாள் என்கிறார் எங்கள் அண்ணாச்சி. செய்யலாமா?

அண்ணாச்சி சொல்வதைக் கேட்காதீர்கள், தம்பி. பணம் வேறு, பையனைப் பார்ப்பது வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நிறுத்த இரண்டு பேருக்குமே உரிமை இல்லை. காட்டவில்லை என்றால் அதற்குத் தனி மனு போடுங்கள். லீவு தேதியைக் குறிப்பிட்டு, அந்த நாட்களில் பையன் உங்களோடு இருக்க உத்தரவு கேளுங்கள். ஜீவனாம்சத்தை நிறுத்தினால், 144-இல் போட்ட உத்தரவாக இருந்தால் வாரண்ட் வரும். பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை போடலாம். உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் பாக்கி பாக்கியாகவே இருக்கும். வைகாசி விசாகத்துக்கு உவரிக்கு வருகிறவர் நேராகக் கோர்ட்டுக்குப் போகும்படி ஆக வேண்டாம்.

ஆனால் உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருபக்கம் பேசுகிறவள் ஆகிவிடுவேன். டான்சில் ஆபரேஷன் பெரும்பாலும் நாள் குறித்துச் செய்வது. நடு ராத்திரி வலிப்பு மாதிரி அல்ல. நாள் குறிக்கும்போது அப்பாவுக்கு ஒரு மெசேஜ் போட எவ்வளவு நேரம் ஆகும்? உங்கள் உத்தரவில் ‘பாதி’ என்று மட்டும் இருப்பதால் வந்த வினை இது. கோர்ட்டில் திருத்தம் கேளுங்கள்: அவசரச் சிகிச்சை என்றால் முதலில் வைத்தியம், 24 மணி நேரத்துக்குள் தகவல். முன்கூட்டியே திட்டமிடும் சிகிச்சை 10,000 ரூபாயைத் தாண்டினால் 7 நாள் முன்னால் எழுத்தில் தகவல். வேறு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றால் உங்கள் செலவில் காட்டலாம். 7 நாளில் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இந்தக் கடைசி வரி உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் அது இருந்தால்தான் எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளும்.

சளி, இருமல் விஷயத்தில் உங்கள் பக்கம் நான் இல்லை. எந்த ஜட்ஜும் உட்கார்ந்து தும்மலை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். ராத்திரி பத்து மணிக்கு 102 டிகிரி காய்ச்சலோடு பிள்ளையை மடியில் வைத்திருப்பவள் எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கிறதோ அங்கேதான் போவாள். சில்லறை ஓ.பி. செலவுக்கு மாதம் 1,000, 1,500 என்று ஒரு தொகையைப் பேசி மாதப் பணத்தோடு சேர்த்துவிடுங்கள். அதற்குள் அவர் எங்கே போனாலும் கேள்வி இல்லை. பில் அனுப்புவது அட்மிஷனுக்கு மட்டும் என்றால் வாட்ஸப் சண்டை பாதி குறையும்.

அப்புறம் இன்சூரன்ஸ். விவாகரத்து ஆனால் மனைவிதான் உங்கள் குடும்ப பாலிசியிலிருந்து வெளியே போவார். மகன் என்றைக்கும் உங்கள் மகன். கம்பெனி பாலிசியில் பையனைச் சேர்க்க முடியுமா, அது இந்தியாவில் செல்லுமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே அவனுக்கு ஒரு பாலிசி எடுங்கள். எடுத்துவிட்டுக் கார்டைக் குவைத்தில் பீரோவில் பூட்டி வைத்தால் யாருக்குப் பிரயோஜனம்? அம்மாவிடம் ஒரு கார்டு, உங்களிடம் ஒரு நகல். இன்சூரன்ஸ் கொடுத்தது போக மீதி பில்லைத்தான் பாதியாகப் பிரிக்க வேண்டும் என்பதையும் உத்தரவில் எழுத வையுங்கள்.

அந்த 48,000-இல் உங்கள் பாதியைக் கட்டிவிடுங்கள். ஆபரேஷன் நடந்தது உங்கள் பையனுக்கு.

வாசகி, பாளையங்கோட்டை: நான் வங்கியில் இருக்கிறேன். அவரைவிட எனக்குச் சம்பளம் அதிகம். மகனுக்குப் பல் கிளிப் போட 42,000 ஆகிறது. சட்டப்படி அப்பாதானே முழுவதும் கட்ட வேண்டும்?

இல்லை. 1956 சட்டத்தின் 20-வது பிரிவு பிள்ளைகளைப் பராமரிக்கும் கடமையை ஆண், பெண் இருவருக்கும் சேர்த்தே சொல்கிறது. நான் மேலே சொன்ன 2020 தீர்ப்பும், பிள்ளையின் படிப்புச் செலவை வழக்கமாக அப்பா ஏற்க வேண்டும், மனைவி போதுமான அளவு சம்பாதித்தால் வருமான விகிதப்படி பங்கிடலாம் என்கிறது. வைத்தியத்துக்கும் அதே நியாயத்தைக் கேட்பதுதான் முறை. உங்களுக்கு 70,000, அவருக்கு 35,000 என்றால் மூன்றில் இரண்டு பங்கு உங்களுடையது, அதாவது 28,000. அவரிடம் 14,000 கேளுங்கள். அழகுக்காகப் போடுவது என்று தட்டிக்கழிக்காமல் இருக்க, கடிப்பதில் என்ன கோளாறு, ஏன் கிளிப் தேவை என்று பல் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசகி, மேலப்பாளையம்: தலாக் ஆன பிறகு இரண்டு வயது வரைதான் பிள்ளைக்குச் செலவு கேட்கலாம் என்கிறார்கள். என் மகனுக்கு 5 வயது, வீசிங் இருக்கிறது.

தாராளமாகக் கேட்கலாம். அந்த இரண்டு வயது என்பது விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கான 1986-ஆம் வருடச் சட்டத்தில், தாய்க்குக் கிடைக்க வேண்டியதைச் சொல்லும் இடத்தில் வருவது. பிள்ளை தன் பெயரில் 125-இல், அதாவது இப்போதைய 144-இல், மேஜர் ஆகும்வரை கேட்கலாம் என்று நூர் சபா காத்தூன் வழக்கில் 1997-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிறிஸ்தவ வாசகிகள் இரண்டு பேரும் இதே மாதிரி கேட்டிருந்தார்கள். 144 எல்லா மதத்தாருக்கும் பொது.

ஆச்சி ஒருவர், முக்கூடல் (பேத்தி எழுதிக் கொடுத்தது): தாயி, என் மகளை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பத்திரத்தில் எழுதித் தீர்த்து விட்டாச்சு. சின்னப் பேத்திக்கு 4 வயது, இதயத்தில் ஓட்டை. ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை கேட்கிறார்கள். பிள்ளை பெயர் அவள் அப்பன் ரேஷன் கார்டில் இருக்கிறது. அவன் கார்டைத் தர மாட்டேன் என்கிறான். நாங்கள் பீடி சுற்றுகிற ஆட்கள்.

ஆச்சி, பத்திரத்தில் எழுதினால் விவாகரத்து ஆகாது. உங்கள் சாதியில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று கோர்ட்டில் நிரூபித்தால்தான் செல்லும். அது கிடக்கட்டும், இப்போது அவசரம் இல்லை. தீர்த்து விட்டாலும் விடாவிட்டாலும் அவன் அந்தப் பிள்ளைக்கு அப்பன். உங்கள் மகள் 144-இல் மனு போடலாம். ஆனால் ஆபரேஷன் முதலில்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் உள்ளவர்கள். வருட வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. பேத்தி பெயரை அந்தக் கார்டிலிருந்து நீக்கி, உங்கள் மகள் கார்டில் சேர்க்க வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பிள்ளை உங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்பதற்கு அங்கன்வாடியில் ஒரு கடிதம், டாக்டர் எழுதிய ஆபரேஷன் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பிறவியில் வந்த இதயக் கோளாறுக்கு மத்திய அரசின் பிள்ளைகள் சுகாதாரத் திட்டமும் உண்டு. பிறந்ததிலிருந்து 18 வயது வரை அதில் வரும். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்கலாம். மகளின் பீடி அட்டையை உங்கள் ஊர் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரியிலும் காட்டிக் கேளுங்கள்.

வட்ட அலுவலகத்தில் ‘அப்பன் கையெழுத்து வேண்டும்’ என்று இழுத்தால், திங்கட்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள். மனுவின் மேலேயே ‘4 வயதுக் குழந்தைக்கு இதய ஆபரேஷன்’ என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். காப்பீட்டுத் திட்ட மையமும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. வி.ஏ.ஓ. சான்றோடு வருமானச் சான்றிதழை முன்னாலேயே வாங்கிக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம்.